கடலிலிருந்து வந்த பங்காளி

மலாக்காவின் புக்கிட் காத்திலில் எங்கள் பக்கத்து வீடு வாடகை வீடு. ஆள் மாறிக்கொண்டே இருப்பார்கள். அதில் ஒரு தென்னாப்பிரிக்கர் குடிவந்தபோது எங்கள் வரிசை முழுவதும் சில நாட்கள் கேட்டை இழுத்து இழுத்துப் பார்த்துப் பூட்டியது. நாங்களும் கறுப்பர்கள்தான். ஆனால் எங்களுடையது நான்கு தலைமுறையாக இந்த ஊருக்குப் பழகிய கறுப்பு, அவருடையது புதுக் கறுப்பு என்று எங்கள் தாமான் குடியிருப்பில் ஒரு பொதுக்கருத்து நிலவியது.

அவர் ஒரு தொழிற்சாலைக்கு ஒப்பந்தத்தில் வந்த இயந்திரப் பொறியாளர். நாற்பதை நெருங்கும் வயது, மணமாகாதவர், தாழ்ந்த குரல். நான் வழக்கறிஞர் அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவள். கறிவேப்பிலைச் செடிக்குத் தண்ணீர் ஊற்றும் சாக்கில் தெருவைக் கவனிப்பது அப்போது என் புது உத்தியோகம். ஒரு காலையில் அவர் வேலியருகே வந்து நின்று, என்னை எப்படி அழைக்க வேண்டும் என்று ஆங்கிலத்தில் கேட்டார். பெயரைச் சொன்னேன். தலையசைத்தார், ஆனால் திருப்திப்பட்டதாகத் தெரியவில்லை.

"எங்கள் ஊரில் வயதில் மூத்தவரைப் பெயர் சொல்லி அழைக்க மாட்டோம். குலப் பெயரைத்தான் சொல்வோம். உங்கள் குலம் எது?"

"இந்து" என்றேன்.

"அது மதம்."

"தமிழ்."

"அது மொழி."

"மலேசியன்."

"அது கடவுச்சீட்டு" என்று சொல்லிச் சிரித்தார்.

குலம் என்றதும் என் மனதில் முதலில் வந்தது சாதிதான். அதை நாங்கள் வெளியே சொல்வதில்லை. சாதியெல்லாம் ரப்பர் தோட்டத்தோடு போய்விட்டது என்று மேடையில் பேசுவோம். பெண் பார்க்கப் போகும்போது மட்டும் அடுப்படியில் குரலைத் தாழ்த்திக் கேட்டுக்கொள்வோம். இதை ஒரு வெளிநாட்டுக்காரரிடம் காலை எட்டு மணிக்கு ஆங்கிலத்தில் விளக்க முடியாது. "எங்களுக்கு அப்படியெல்லாம் இல்லை" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

அவருக்கு இருந்தது. அவர் கோசா இனத்தவர். அந்தப் பெயரின் முதல் எழுத்தை அவர்கள் சொல்லும்போது, மாட்டை விரட்ட நாக்கைச் சொடுக்குவார்களே, அந்த ஒலி வரும். எனக்குக் கடைசிவரை வரவில்லை. அவருடைய குலத்தின் பெயர் மோலோ. அவர்கள் மொழியில் வணக்கத்துக்கும் அதே சொல்தான். ஒரு மாலையில் நான் கொடுத்த வடையைத் தின்றுகொண்டே அந்தக் குலம் வந்த கதையைச் சொன்னார்.

வெகுகாலத்துக்கு முன்னால் அவர்கள் கடற்கரைப் பாறைகளில் ஒரு கப்பல் மோதி உடைந்தது. அலையிலிருந்து சில ஆண்கள் தவழ்ந்து கரையேறினார்கள். கறுத்த உடல், நீண்ட நேரான முடி. கையில் ஒன்றுமில்லை, இடுப்பிலும் ஏறக்குறைய ஒன்றுமில்லை. அந்த வட்டாரத்து மக்கள் அவர்களைக் கொல்லவும் இல்லை, விரட்டவும் இல்லை. இருக்க இடம் கொடுத்தார்கள், பிறகு பெண்ணும் கொடுத்தார்கள். அவர்களுக்குப் பிறந்த பிள்ளைகள் கோசாக்களாகவே வளர்ந்து, முன்னோருக்கு மாடு பலியிட்டு, தனிக் குலமாகப் பெருகினார்கள். கரையேறியவர்கள் யார் என்று யாருக்கும் உறுதியாகத் தெரியாது. இந்தியாவிலிருந்து வந்த கப்பலாட்கள் என்று சிலர் சொல்கிறார்கள், இந்தப் பக்கத்துத் தீவுக்காரர்கள் என்று சிலர்.

"உங்களுக்கு அதில் சங்கடம் இல்லையா?" என்று கேட்டேன். "ஒன்றுமில்லாமல் வந்தவர்கள் என்று சொல்லிக்கொள்ள?"

அவருக்குக் கேள்வியே புரியவில்லை. "அவர்கள் வந்ததால்தானே நான் இருக்கிறேன்" என்றார். இன்னொன்றும் சொன்னார். ஒரே குலத்துக்குள் பெண் எடுப்பது அவர்களிடம் நினைத்தும் பார்க்க முடியாத குற்றம். கல்யாணமான பெண்ணும் சாகும்வரை பிறந்த குலப் பெயரோடுதான் இருப்பாள். அந்தப் பெயருக்கு முன்னால் ஒரு 'மா' சேர்த்துப் புகுந்த வீட்டார் அவளை மரியாதையாக அழைப்பார்கள். அன்று பாத்திரம் கழுவும்போது அதை நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்குத் தாலி கட்டிய நிமிடமே என் குலதெய்வத்தை மாற்றிவிட்டார்கள். புதிய சாமியின் பெயரைக்கூட யாரும் எனக்கு ஒழுங்காகச் சொல்லித் தரவில்லை.

அதே சமயத்தில்தான் மெர்லிமாவிலிருக்கும் அண்ணனுக்குக் குல வரலாற்றின் மேல் ஆசை வந்தது. அண்ணன் என் பெரியப்பா மகன். இரண்டு லோரியில் தொடங்கி ஒரு முற்றம் நிறைய லோரி வைத்திருப்பவர். குடும்ப ஒன்றுகூடல் ஒன்று நடத்த மண்டபம், அதாவது டேவான், எடுத்திருந்தார். அதில் வாசிக்க நம் குடும்பத்தின் வரலாறு வேண்டும், பத்திரிகைக்கு எழுதுகிறவள் நீதானே என்று என்னிடம் சொன்னார். பெண் கட்டிக்கொடுத்த பிறகு வேறு வீட்டுக்காரி. ஆனால் எழுத்து வேலைக்கு நான் இன்னும் குடும்பத்தில்தான் இருந்தேன்.

தெரிந்ததை எழுதிக் கொடுத்தேன். கொள்ளுத்தாத்தா கங்காணியோடு கப்பலேறி வந்தார். காடு வெட்டினார். அவர் மகன் ரப்பர்ப் பால் மரம் சீவினார். அவர் பிள்ளைகளில் சிலர் படித்தார்கள், சிலர் வண்டி ஓட்டினார்கள். தோட்டத்தில் ரப்பருக்குப் பதிலாகச் செம்பனை வந்தபோது எல்லாரும் வெளியேறினோம்.

அண்ணன் படித்துவிட்டுத் தாளைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார். "இவ்ளோதானா தங்கச்சி? வரலாறு மாரியே இல்லையே. வேலைக்கு மனு போட்ட மாரி இருக்கு."

"நடந்தது அதுதானே, அண்ணே."

"நடந்தத யாரும்மா கேக்க வர்றா? சோறு போட்டு, டேவான் எடுத்து, கூலிக்கு வந்தோம்னு மைக்ல சொல்லவா? சோழர் படை இங்க வந்துச்சில்ல? அதுல ஒரு தளபதி நம்ம ஆளு. கப்பல் தளபதி."

"யாரு சொன்னது?"

"யாரு இல்லன்னு சொன்னது?"

தளபதிக்கும் கொள்ளுத்தாத்தாவுக்கும் இடையிலிருந்த ஒன்பது நூற்றாண்டுகளை "காலவெள்ளத்தில்" என்ற ஒரே சொல்லில் அண்ணன் கடந்தார். பதாகையும் அச்சாகி வந்தது. புலிக்கொடி பறக்கும் கப்பலின் முன்னால் தளபதி நின்றார். முகத்துக்கு வேறு படம் கிடைக்காததால் அண்ணனுடைய முகத்தையே போட்டு மீசையைப் பெரிதாக்கியிருந்தார்கள்.

இதற்கு நடுவே பக்கத்து வீட்டுக்காரர் பூப்பந்து விளையாடி முழங்காலைப் பிசகவிட்டார். நல்ல இடம் எது என்று என்னைக் கேட்டார். தெங்கேராவில் ஒரு இயன்மருத்துவ நிலையத்தில் அண்ணன் மகள் வேலை பார்க்கிறாள் என்று அனுப்பிவைத்தேன். முழங்கால் குணமானது. சிகிச்சை மட்டும் நிற்கவில்லை. அவர் படியேறுவதையும் ஓடுவதையும் நானே பார்த்தேன். இருந்தாலும் வாரம் தவறாமல் தெங்கேராவுக்குப் போனார். அங்கே மருத்துவம் முடிந்து இருவரும் தோசைக் கடையில் உட்கார்ந்திருப்பதை ஒரு உறவினர் பார்த்தார். ஒருவர் பார்த்தால் போதும் எங்கள் குடும்பத்தில்.

அண்ணன் என் வீட்டுக்கு வந்தார். அண்ணியும் வந்து சுவரோரமாக உட்கார்ந்தார்.

"உன் வீட்டு பக்கத்துலதான இருக்கான்? நீ பாத்துக்க மாட்டியா?"

"அவளுக்கு முப்பத்தஞ்சு வயசு, அண்ணே. நான் என்னத்தப் பாக்குறது?"

"நான் நெறம் பாக்குறவன் இல்ல. எல்லாருக்கும் தெரியும். ஆனா கலாச்சாரம்னு ஒண்ணு இருக்குல்ல? அவன் யாரு, என்ன கொலம், எதாச்சும் தெரியுமா?"

தெரியும் என்றேன். கப்பல் உடைந்த கதையைச் சொன்னேன். அண்ணன் பாதிதான் கேட்டார். கறுத்த உடல், நேரான முடி, இந்தியாவாக இருக்கலாம் என்ற இடத்தில் மட்டும் "ஓ" என்றார். அந்த ஓவை நான் அப்போது கவனித்திருக்கலாம். போகும்போது அண்ணி என் காதருகில், "பையன் குடிப்பானா?" என்று மட்டும் கேட்டார். எப்போதாவது என்றேன். "உங்கண்ணன விட கம்மிதான் அப்ப" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

ஒன்றுகூடலுக்கு அண்ணன் மகள் அவரை வெளிப்படையாகவே அழைத்து வந்தாள். அவர் வெள்ளைச் சட்டை போட்டு, வேட்டியும் கட்டியிருந்தார். வேட்டியை யார் கட்டிவிட்டது என்ற கேள்வி பந்தியில் சோற்றுக்கு முன்னால் பரிமாறப்பட்டது. அண்ணன் கோபப்படுவார் என்று எல்லாரும் காத்திருந்தோம். அண்ணன் எழுந்து போய் அவர் கையைப் பிடித்து முன்வரிசையில் உட்காரவைத்தார். மகளுடைய முகம் அப்படி மலர்ந்ததை நான் அவளுடைய சிறுவயதுக்குப் பிறகு பார்த்ததில்லை.

தளபதியின் வரலாறு வாசிக்கப்பட்டது. பிறகு சிறப்பு விருந்தினரை இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். அவர் எழுந்து, தலையைச் சற்றுத் தாழ்த்தி, தன் குலத்து முன்னோரின் பெயர்களை அவர்கள் மொழியில் வரிசையாகச் சொன்னார். குரல் ஏறி இறங்கியது, நாக்குச் சொடுக்கும் ஒலிகள் நடுநடுவே விழுந்தன. பாட்டு என்று நினைத்துப் பின்வரிசை தாளம் போட்டது. பின்னர் ஆங்கிலத்தில், எங்கள் முதல் தந்தையர் கடலிலிருந்து வந்தவர்கள், ஒருவேளை உங்கள் பக்கத்துக் கடலிலிருந்தே வந்திருக்கலாம் என்று மரியாதைக்காக ஒரு வரி சேர்த்தார்.

அண்ணன் மைக்கை வாங்கினார்.

"கேட்டீங்களா? கேட்டீங்களா எல்லாரும்? கடல்லேர்ந்து வந்தவங்க! நம்ம தளபதி கூட போன கப்பல்ல ஒண்ணு திரும்பி வரவே இல்ல. அது எங்க போச்சுன்னு இன்னிக்குத் தெரிஞ்சிருச்சு. இவரு வேற யாரும் இல்ல. நம்ம ரத்தம். நம்ம பங்காளி!"

டேவான் அதிரக் கைதட்டியது. அண்ணன் அவருக்குப் பொன்னாடை போர்த்தி, மகளைப் பக்கத்தில் அழைத்து, "அண்ணனுக்கு மாலை போடும்மா" என்றார். அவள் மாலையைக் கையில் வைத்துக்கொண்டு அப்பாவையே பார்த்தாள். திரும்பி வராத அந்தக் கப்பல் எதற்காகப் புறப்பட்டது என்று அவளுக்கும் எனக்கும் ஒரே நொடியில் புரிந்தது. மாலையை மேசையில் வைத்துவிட்டு இறங்கிப் போனாள்.

அவர் என்னிடம் வந்து, என்ன சொன்னார்கள் என்று கேட்டார். பங்காளி என்றால் என்ன என்று விளக்க வேண்டியிருந்தது. ஒரே தந்தை வழி, ஒரே குலம் என்றேன். அவர் முகத்திலிருந்த சிரிப்பு அப்படியே வடிந்தது.

அதன் பிறகு அவர் தெங்கேராவுக்குப் போகவில்லை. அவளுடைய அழைப்பையும் எடுக்கவில்லை. அண்ணனே இவ்வளவு எதிர்பார்த்திருக்க மாட்டார். நாங்களாக இருந்தால் இப்படி ஒரு தடையைக் கேட்டதும் சோதிடரை மாற்றுவோம். அவர் நம்பினார். ஒரு மாலை எங்கள் கூடத்தில் வந்து உட்கார்ந்தார்.

"உங்கள் அண்ணனுக்கு உண்மையில் ஏதாவது தெரியுமா?"

"அண்ணனுக்கு லோரியைப் பற்றித் தெரியும்" என்றேன்.

"ஆனால் குடும்பத்தின் மூத்தவர், சபையில், முன்னோர் பெயரால் சொன்னார். அது பொய் என்று நான் எப்படிச் சொல்வேன்? கரையேறிய என் முன்னோர் யாரென்று எனக்கே தெரியாதே. ஊரிலிருக்கும் என் பெரியப்பாவைத் தொலைபேசியில் கூப்பிட்டுக் கேட்டேன். அவர்கள் உன்னைத் தங்கள் குலம் என்று சொன்னால், அந்தப் பெண் உனக்குத் தங்கை என்று சொல்லிவிட்டார்." கண்ணைத் துடைத்துக்கொண்டார். உள்ளே தொலைக்காட்சியில் பந்தாட்டம் பார்த்துக்கொண்டிருந்த என் கணவர் சத்தத்தைக் குறைத்தார். எங்கள் கல்யாண வாழ்க்கையில் பந்தாட்டத்தின்போது அப்படி நடந்ததில்லை.

நான் அண்ணன் மகளைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன். அவர் மனம் மாறிவிட்டார் என்று நினைத்து அழுது அழுது அவளுக்குக் குரலே போயிருந்தது. காரணத்தைக் கேட்டதும் மூக்கைச் சிந்தினாள். பிறகு, "அத்தை, அந்த டுரியான் நெலத்துக்கு எல்லாரும் எப்ப சைன் பண்றாங்க?" என்று கேட்டாள்.

மெர்லிமாவுக்கு உள்ளே எங்கள் தாத்தா வாங்கிப் போட்ட ஒரு டுரியான் பழத்தோட்ட நிலம் இருந்தது. தாத்தாவின் மகன்களில் உயிரோடு இருந்த சித்தப்பாவும், மற்றவர்களின் மகன்களும் கூடி அதைப் பிரித்துக்கொள்வதாக ஏற்பாடு. இவர்கள்தான் பங்காளிகள். என்னைப் போன்ற பெண் பிள்ளைகள் "எங்களுக்கு வேண்டாம்" என்று பாசத்தோடு முன்பே கையெழுத்துப் போட்டிருந்தோம், பாசம் வராதவர்களிடம் நேரில் வந்து வாங்கிக்கொண்டார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டில் நான் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது அவள் உள்ளே வந்தாள். பின்னால், அவள் நேரிலேயே போய் இழுத்து வந்த அவர், எதற்கு வந்தோம் என்று தெரியாமல், செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். ஒரு நாற்காலியை இழுத்துச் சித்தப்பாவுக்கும் அண்ணனுக்கும் நடுவில் போட்டு அவரை உட்காரவைத்தாள்.

"இவர் எதுக்குலா இங்க?" என்றார் அண்ணனின் தம்பி ஒருவர்.

"பங்காளிதான சித்தப்பா? அப்பாதான மைக்ல சொன்னாரு. டேவான் ஃபுல்லா கேட்டாங்க, நீங்களும் கை தட்டுனீங்க. பங்காளின்னா பங்கு குடுக்கணும்ல?" அப்பாவிடம் திரும்பினாள். "எந்தப் பக்கம் குடுக்கப் போறீங்க ப்பா? ரோட்டோரமா, ஆத்தோரமா?"

யாரும் தேநீரைத் தொடவில்லை. நான் அவருக்கு ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் பதறி, எனக்கு நிலம் வேண்டாம் என்று எழப் பார்த்தார். அவள் அவர் காலை நன்றாக மிதித்தாள். பிசகிய கால்தான் அது.

"அது சும்மா மேடைல பேசறதுலா" என்றார் தம்பி. "மேடைல ஆயிரம் பேசுவாங்க."

"சும்மாவா? அப்ப தளபதி?"

"தளபதி வேற, இது வேற."

"கப்பல் காணாமப் போனது?"

எல்லாரும் அண்ணனைப் பார்த்தார்கள். அண்ணன் மகளைப் பார்த்தார், நிலத்தின் வரைபடத்தைப் பார்த்தார், மறுபடி மகளைப் பார்த்தார். அவளுடைய கண்கள் வீங்கியிருந்ததை அப்போதுதான் கவனித்தார் என்று நினைக்கிறேன். "நான்... ஒரு சந்தோஷத்துல சொன்னேன்" என்றார் மெதுவாக. "சரியா விசாரிக்கல."

"அப்ப பங்காளி இல்ல?"

"இல்ல."

"இங்கிலீஷ்ல சொல்லுங்க ப்பா. அவருக்குச் சொல்லுங்க."

அண்ணன் அவர் பக்கம் திரும்பி, வாழ்நாளில் முதல்முறையாக ஒரு தவறைத் திருத்தினார். "யூ... நோ பங்காளி. சோரி."

அதுவரை காது கேளாதவர் போல் இருந்த சித்தப்பா தொண்டையைச் செருமினார். "பங்காளி இல்லன்னா மாமன் மச்சான்தான். நமக்கு வேற என்ன மொற இருக்கு?" என்று சொல்லிவிட்டு ஆறிப்போன தேநீரைக் குடித்தார். அடுப்படி வாசலில் நின்ற அண்ணி ஒரு தட்டில் முறுக்கை எடுத்து வந்து, அவர் முன்னால் வைத்து, "சாப்டுங்க மாப்ள" என்றார். நான் அதை மொழிபெயர்க்கவில்லை. அவர் முறுக்கையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தார். அவள்தான் பக்கத்தில் குனிந்து சொன்னாள். அவர் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

கல்யாணப் பேச்சு அவருடைய பெரியப்பாவிடமிருந்து வந்தது. பெண் எடுப்பதற்குத் தாங்கள் எத்தனை மாடு தர வேண்டும் என்று கேட்டிருந்தார். சீர்வரிசைக்கென்று பல ஆண்டுகளாக நகை சேர்த்து வைத்திருந்த அண்ணன், "அவங்க நமக்குத் தர்றாங்களா? நல்லா கேட்டியா?" என்று என்னைத் திரும்பத் திரும்பக் கேட்டார். கலாச்சாரம் ஒத்துவருமா என்ற கவலை அன்றோடு அவரை விட்டுப் போனது. மாடு மலாக்காவுக்கு வர வழியில்லாததால் அதற்கு ஈடாக ஏதோ பேசி முடித்தார்கள்.

அடுத்தது குலப் பெயர். வருகிற மருமகளை எப்படி அழைப்பது என்று அங்கிருந்து அவசரமாகக் கேட்டார்கள். பங்காளிகள் கூடினார்கள், ஒரு பெயரிலும் ஒத்துவரவில்லை. அவள் யாரையும் கேட்காமல் "ஏழாங்கட்டை" என்று சொல்லிவிட்டாள். நாங்கள் இருந்த தோட்டம் ஏழாவது மைல் கல்லில் இருந்தது, பழைய ஆட்கள் எங்களை இன்றும் ஏழாங்கட்டைக்காரங்க என்றுதான் சொல்வார்கள். அந்த ஊர்ப் பெண்கள் அதைச் சுருக்கி அவளை 'மாகட்டை' என்று அழைக்கிறார்கள். நானும் அந்தக் கட்டையில் பிறந்தவள் என்பதால் மாப்பிள்ளை என்னையும் அப்படித்தான் அழைக்கிறார். என் கணவருக்கு அதில் சிறிது வருத்தம்.

கல்யாணத்துக்குப் பிறகு இருவரும் அவருடைய ஊருக்குப் போய் வந்தார்கள். கப்பல் உடைந்ததாகச் சொல்லப்படும் பாறைகளை அவளுக்குக் காட்டினார்கள். மாட்டுத் தொழுவத்தருகே பெரியப்பா நின்று, தங்கள் முன்னோரிடம் அவளை அறிமுகம் செய்தார். அவளுடைய முன்னோர் பெயர்களையும் கேட்டார். அப்பா பெயர், தாத்தா பெயர், அவருடைய அப்பா பெயர் என்று சொல்லிவிட்டு அவள் நின்றுபோனாள். அதற்கு மேல் அவளுக்குத் தெரியவில்லை. அவளுக்கு மட்டுமல்ல, எங்களில் யாருக்கும் தெரியாது. பெரியப்பா அவசரப்படுத்தாமல் காத்திருந்தார். பிறகு, "கடல் வழியாக வந்தவர்" என்று தன் மொழியில் தானே சொல்லிச் சேர்த்துக்கொண்டு அடுத்த வேலைக்குப் போனார்.

"அழுதுட்டேன் அத்தை" என்றாள். "ஏன்னு தெரியல. மாடெல்லாம் என்னையே பாக்குது."

இப்போது இருவரும் தெங்கேராவில் ஒரு கடைக்கு மேல்மாடியில் இருக்கிறார்கள். அவருடைய ஒப்பந்தத்தை நீட்டித்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் மெர்லிமாவுக்குப் போய் மாமனாரின் லோரிகளைப் பார்க்கிறார். எஞ்சினைத் திறந்து வைத்துக்கொண்டு இருவரும் பாதித் தமிழ், பாதி மலாய், மிச்சம் கையசைவு என்று மணிக்கணக்கில் சண்டை போடுகிறார்கள். போன வாரம் நான் போனபோது கியர்பெட்டி தரையில் கழற்றிக் கிடந்தது. "உங்க ஆளு சொன்னா கேக்கவே மாட்டாரும்மா" என்று மாப்பிள்ளை என்னிடம் தமிழில் புகார் சொன்னார். அண்ணன் கிரீஸ் கையோடு நிமிர்ந்து, "இவன எங்கேர்ந்து புடிச்சிட்டு வந்த?" என்றார். அண்ணி உள்ளிருந்து சோறு ஆறுது என்று கத்தினார். இருவரும் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.